சாயமேற்றிய நாள்

நரம்பியல் ஆய்வகம் ஒன்றில் மூன்று வருடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் எலி மூளைத் திசுவோடு. கடைசி ஒரு வருடம் மனிதர்களின் தலையில் எலக்ட்ரோடு பொருத்தி மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. அறையில். சேரும்போது மூளையைப் பற்றிப் பாடப்புத்தக அறிவு நிறைய இருந்தது, கையில் ஒரு வேலையும் தெரியாது. இந்த வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் என்ன படிக்க வேண்டும் என்றுதான். படிக்க ஆயிரம் வழி இருக்கிறது. கை எப்படிப் பழகியது, எங்கே தவறியது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதல் இரண்டு வாரம் மூளையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பஃபர், அதாவது பி.ஹெச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசல், கலக்கினேன். உப்புகளை எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, பி.ஹெச். 7.4-க்குக் கொண்டுவந்து, பாட்டிலின் மேல் பெயரும் தேதியும் என் முதலெழுத்தும் எழுதி வைப்பேன். தேதி இல்லாத பாட்டிலை எங்கள் சீனியர் அக்கா திறந்துகூடப் பார்க்க மாட்டார், நேராகக் கொட்டிவிடுவார். நான் கலக்கிய ஒரு லிட்டர் அப்படிப் போனதைப் பார்த்தபோது முகம் வாடிவிட்டது. "இது என்னன்னு இன்னிக்கு உனக்குத் தெரியும். ஆறு மாசம் கழிச்சு எடுக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து மார்க்கர் பேனா இல்லாமல் நான் லேப்புக்குள் போனதில்லை. அதிலும் ஆல்கஹால் பட்டால் அழியாத மார்க்கர். சாதா பேனாவில் எழுதிய பெயர் ஒரு சொட்டு எத்தனாலில் ஓடிவிடும்.

மூளையைச் சீவும் வேலை மூன்றாவது வாரம் வந்தது. பாராஃபார்மால்டிஹைடு 4 சதவீதக் கரைசலில் கெட்டிப்பட்ட எலி மூளையை 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் போடுவோம். முதலில் மிதக்கும். இரண்டு மூன்று நாளில் திசுவுக்குள் சர்க்கரை ஏறி, மெதுவாக அடியில் போய் உட்காரும். உட்காராத மூளையை அவசரப்பட்டு உறைய வைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிப் படிகமாகித் திசுவைக் கிழித்துவிடும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சல்லடை மாதிரி ஓட்டைகள். அந்த ஓட்டைகளை எந்த மென்பொருளாலும் அடைக்க முடியாது. ஆகவே காத்திருக்கத்தான் வேண்டும். காலையில் வந்ததும் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

கிரையோஸ்டாட் என்பது கழித்தல் 20 டிகிரி குளிரில் இருக்கும் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பிளேடு. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உறைந்த மூளை மேலிருந்து கீழே இறங்கி பிளேடில் உரசிப் போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் 40 மைக்ரான் தடிமனில் ஒரு சீவல். ஒரு மில்லிமீட்டரை இருபத்தைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. விளிம்பு சுருண்டுகொள்ளும் முன் மெல்லிய ஓவியத் தூரிகையால் அதைத் தொட்டு எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் பஃபர் இருக்கும் குழியில் இறக்க வேண்டும். தூரிகையும் பெட்டிக்குள்ளேயே குளிர்ந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வெதுவெதுப்பாகக் கொண்டுபோனால் சீவல் அதில் உருகி ஒட்டிக்கொள்ளும். குனிந்து பார்க்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். முதல் மூளையில் பாதிக்கு மேல் கந்தலாகப் போனது. மூன்றாவது மூளையில் கைக்கு வேகம் பிடிபட்டது. சுற்றும் வேகம் ஒரே சீராக இருந்தால் போதும், மற்றதை பிளேடு பார்த்துக்கொள்ளும். பிளேடு மாற்றும்போது மட்டும் சக்கரத்தைப் பூட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். குளிரில் மரத்த விரலுக்கு வெட்டுப்பட்டதே தெரியாது.

இந்த வேலையில் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத, அக்கா காட்டிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. சீவுவதற்கு முன்பே, நாம் பார்க்கப்போகும் பகுதியிலிருந்து தள்ளி, மூளையின் வலது பக்கத்தில் ஊசியால் முன்னிருந்து பின்வரை ஒரு துளை போட்டுவிட வேண்டும். பஃபரில் மிதக்கும் சீவல் எப்போது புரண்டது என்று யாருக்கும் தெரியாது. புரண்டுவிட்டால் இடது எது வலது எது? இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு சீவலிலும் தெரியும் அந்தச் சின்னத் துளைதான் அடையாளம். அதைப் போட மறந்து ஒரு மூளையைச் சீவி முடித்துவிட்டால், இடது வலது என்ற கேள்வியை அந்த விலங்கிடம் இனி கேட்கவே முடியாது.

சீவல்களை ஆறு குழிகளில் வரிசையாகப் போடுவோம். முதலாவது முதல் குழிக்கு, இரண்டாவது இரண்டாம் குழிக்கு, ஏழாவது மறுபடி முதல் குழிக்கு. இப்படிச் செய்தால் ஒவ்வொரு குழியிலும், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி முழுவதும், 240 மைக்ரானுக்கு ஒரு சீவல் வீதம் இருக்கும். ஒரு மூளையிலிருந்து ஆறு முழுத் தொகுப்புகள். செல்கள் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றைச் சாயமேற்றிவிட்டு, மற்ற ஐந்தையும் கிளிசராலும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த கரைசலில் கழித்தல் 20-ல் வைத்துவிடலாம், உறையாமல் பல வருடம் இருக்கும். ஆரம்பத்தில் இது எனக்கு வீண் வேலையாகப் பட்டது. ஒன்று போதுமே, எதற்கு இத்தனை குழி, இத்தனை லேபிள்? அதற்குப் பதில் எட்டாவது மாதத்தில் கிடைத்தது.

அந்தச் சோதனையில் பன்னிரண்டு எலிகள். ஆறு கண்ட்ரோல், அதாவது ஒப்பிடுவதற்காக அழுத்தம் தராமல் விட்டவை, ஆறு தொடர் மன அழுத்தத்துக்கு உட்பட்டவை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவில் அழுத்தத்தால் மாற்றம் வருகிறதா என்பது கேள்வி. ஐபா1 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அவற்றை ஒளிர வைத்து, ஒளியின் அளவை ஒப்பிட வேண்டும். நான் தட்டுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நினைத்து, முதல் வாரம் கண்ட்ரோல் ஆறையும் சாயமேற்றினேன், அடுத்த வாரம் மற்ற ஆறையும். ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று மனதார நம்பினேன்.

படங்கள் வந்தன. அழுத்தக் குழுவின் ஒளிர்வு கண்ணுக்கே தெரிந்த அளவு அதிகம். வரைபடம் போட்டேன், இரண்டு குழுவின் புள்ளிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். வாராந்திரக் கூட்டத்தில் காட்டியபோது ப்ரொஃபசர் மேடம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதை எந்த நாள் சாயமேற்றினீங்க?"

சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது. "நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். நோட்டில் எல்லாம் இருந்தது, அக்கா அடித்துச் சொன்னதால் நான் நேரம் உட்பட எழுதியிருந்தேன். முதல் வாரம் ஆன்டிபாடியில் ஊறியது 16 மணி நேரம். இரண்டாம் வாரம் நடுவில் ஒரு விடுமுறை வந்ததால் இரண்டு இரவு, 40 மணி நேரம். ஊற ஊற ஆன்டிபாடி அதிகம் ஒட்டும், ஒளிர்வு கூடும். நான் கொண்டாடிய வித்தியாசம் எலிகளுடையதா, அந்த விடுமுறையுடையதா? அந்த டேட்டாவை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன.

அதுவரை நான் தவறு என்றால் ஏதாவது கொட்டிப்போவது, உடைந்துபோவது என்றுதான் நினைத்திருந்தேன். எதுவும் உடையாமல், ஒவ்வொரு படியும் சரியாகச் செய்யப்பட்டு, மொத்தமும் பயனற்றுப்போக முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

காப்பாற்றியது அந்த ஆறு குழிகள். பெட்டியில் ஐந்து தொகுப்புகள் பத்திரமாக இருந்தன. ஒரு விலங்கைக்கூடக் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டியிருக்கவில்லை. இந்தமுறை ஒரு தட்டுக்கு நான்கு மூளை, கண்ட்ரோல் இரண்டு, அழுத்தக் குழு இரண்டு. மூன்று தட்டுகள், ஒரே ஆன்டிபாடிக் கலவை, ஒரே நேரம் ஊறல். மைக்ராஸ்கோப் கேமராவின் எக்ஸ்போஷரை ஆட்டோவில் விடாமல் ஒரு எண்ணில் நிறுத்தி, அந்த எண்ணையும் நோட்டில் எழுதினேன். எந்த மூளை எந்தக் குழு என்பதை வேறொருவர் மறைத்து, வெறும் குறியெண் மட்டும் கொடுத்தார். முடிவில், முன்பு பார்த்த வித்தியாசம் பாதிக்கும் கீழே போய், எலிக்கு எலி இருக்கும் ஏற்ற இறக்கத்துக்குள் கரைந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வரைபடம் ஒரு கட்டுரையாகி, அதை நம்பி இன்னொரு லேப்பில் யாராவது ஒரு வருடத்தைச் செலவழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

சாயமேற்றுவது என்பதே பிடிவாதமான கலை. கமில்லோ கோல்ஜி 1873-ல் வெள்ளி உப்பால் நரம்பணுக்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது ஆயிரக்கணக்கான செல்களில் எங்கோ சிலவற்றை மட்டும் கறுப்பாக்கும், அதனால்தான் ஒரு செல்லைக் கிளை கிளையாகத் தனியே பார்க்க முடிகிறது. அதே முறையைச் செம்மைப்படுத்திப் பார்த்த ஸ்பெயின்காரர் ரமோன் இ கஹால், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்றார். கோல்ஜி எல்லாம் ஒரே பின்னல் வலை என்றார். 1906-ல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டபோதும் கோல்ஜி தன் உரையில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே சாயம், ஒரே மாதிரித் திசு, இரண்டு முடிவு. கஹாலின் ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையின் பொறுமைதான் முதலில் தோன்றும்.

விலங்குகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. எலியின் நடத்தையை அளக்கும் சோதனை என்றால், அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே தினமும் அதைக் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். அவசரத்தில் இந்தப் பழக்கலைத் தவிர்த்தால் நாம் அளப்பது நினைவாற்றலை அல்ல, பயத்தை. சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதைவிட, குழாய்க்குள் ஏற விட்டோ இரு கைகளையும் குவித்தோ எடுத்தால் பதற்றம் குறைகிறது என்று 2010-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிகளிடம் அழுத்தத்தை உண்டாக்கி, அவை வலியைக் காட்டும் விதத்தை மாற்றுகிறது என்று 2014-ல் இன்னொன்று. 1999-ல் மூன்று ஊர் ஆய்வகங்கள் ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே நேரம் என்று முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்த்தன. அப்படியும் சில சோதனைகளில் இடத்துக்கு இடம் முடிவு மாறியது. இதையெல்லாம் படித்த பிறகு, கூண்டைத் தொட்டது யார், எத்தனை மணிக்கு, அன்று பக்கத்து அறையில் டிரில் சத்தம் இருந்ததா என்பதைக்கூட நான் எழுத ஆரம்பித்தேன். வாசனைத் திரவியம் போடுவதை நிறுத்தினேன்.

மூளையை எடுக்கும் நாள் கடினமானது. முழு மயக்கத்தில் இருக்கும் எலியின் இதயம் வழியாகக் கரைசலைச் செலுத்தி, உடம்பையே உள்ளிருந்து கெட்டிப்படுத்துவார்கள். முதல்முறை நான் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். இரண்டாம் முறை குழாயைப் பிடித்தேன். வீட்டுக்குப் போய் யாரோடும் பேசவில்லை. இது எல்லோராலும் முடியாது, முடியாததில் குறையும் இல்லை. நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்: விலங்கு வேலை உண்டா, என்ன விலங்கு, நான் எந்தப் பகுதி வரை செய்ய வேண்டும்? மனித ஆய்வு மட்டும் செய்யும் லேப்களும், கணினியில் மட்டும் வேலை செய்யும் லேப்களும் நிறைய இருக்கின்றன. செய்கிறவர்களுக்கு 1959-லிருந்தே ஒரு நெறி உண்டு: விலங்குக்கு மாற்று இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. அந்த ஆறு குழிகள் என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது வரிதான்.

பாராஃபார்மால்டிஹைடைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள். காற்று உறிஞ்சும் ஃப்யூம் ஹூடுக்கு வெளியே அதைத் திறக்கச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும், "ஹூடு காலியாகட்டும், செய்கிறேன்" என்று சொல்லுங்கள்.

மூன்றாம் வருடம் ஈ.ஈ.ஜி. இங்கே திசு இல்லை, உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் மனிதர். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டையின் மேடு வரை டேப்பால் அளந்து, நடுப்புள்ளியில் குறி வைத்து, தொப்பியை மாட்டி, ஒவ்வொரு எலக்ட்ரோடின் துளையிலும் முனை மழுங்கிய ஊசிக்குழலால் முடியை விலக்கி ஜெல் விட வேண்டும். தலை முடி அடர்த்தியானவருக்கு இதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்பது டேட்டாவில் தெரியும். என்ன செய்கிறோம் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே போனால் அவர் தோள் தளர்கிறது. சொல்லாமல் செய்தால் தாடை இறுகுகிறது, தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை மூடிவிடுகிறது. மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு கண் சிமிட்டல் அதைவிடப் பல மடங்கு பெரிது.

அதனால் சோதனை தொடங்கும் முன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவேன். "கண்ணைச் சிமிட்டுங்க." பெரிய மலை போல எழும். "பல்லைக் கடிங்க." திரை முழுக்கக் கறுத்துவிடும். "இப்போ கண்ணை மூடி அமைதியா இருங்க." சில நொடிகளில் பின்மண்டை எலக்ட்ரோடுகளில் நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை மெல்ல வந்து நிறையும். கண்ணைத் திறந்ததும் அடங்கும். ஹன்ஸ் பெர்கர் முதன்முதலில் மனித மூளையிலிருந்து மின் அலையைப் பதிவு செய்தது 1924-ல், வெளியிட்டது 1929-ல். ஐந்து வருடம் அவர் தன்னையே சந்தேகித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ட அந்த அலை இன்று சாதாரண அறையில் ஒருவர் கண்ணை மூடினால் வருகிறது. நூறு பேருக்கு மேல் பார்த்திருப்பேன், எனக்கு அலுத்ததே இல்லை. இப்படிக் காட்டிய பிறகு, அசையாதீர்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்ததில்லை. ஏன் என்று அவர்களே பார்த்துவிட்டார்களே.

ஒப்புதல் படிவத்தை வேகமாக வாசித்து முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், குறிப்பாக அன்றைய நான்காவது ஆளுக்கு வாசிக்கும்போது. செய்யாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற வரியை அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒருவர் நடுவில் எழுந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் "போகட்டுமா?" என்றார். தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைக்கத் துண்டு கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

கருவி சொல்லும் நேரத்தையும் நம்பிவிடாதீர்கள். சோதனைக்கு வந்தவருக்குக் காட்டும் படம் திரையில் தோன்றிய கணத்தில் கணினி ஒரு குறியை டேட்டாவில் பதிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 17 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். குறி ஒரு நேரம், படம் ஒரு நேரம் என்று ஆகலாம். நாம் தேடும் அலை சில நூறு மில்லி நொடிக்குள் வந்து போவது. ஆய்வு தொடங்கும் முன் திரையின் மூலையில் ஒளி உணரி ஒன்றை ஒட்டி, உண்மையான தாமதத்தை அளந்து எழுதி வையுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு அளந்து பயனில்லை.

மற்றவை சுருக்கமாக. மூல டேட்டாவைத் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள், மூலம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். கோப்புப் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் அவை தாமாகவே அடுக்கிக்கொள்ளும். கொஞ்சமாவது கோடிங் கற்றுக்கொள்ளுங்கள், எக்செலில் கையால் செய்த திருத்தம் தடம் விடாது. கட்டுரையில் பெயர் வருமா என்பதை வேலை தொடங்கும்போதே கேளுங்கள், அது பேராசை இல்லை. நான் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வருடம் மனதுக்குள் வைத்து வதங்கினேன். கடைசியில் கேட்டபோது மேடம், "உங்க பெயர் முதல் வரைவிலேயே இருக்கே" என்று கோப்பைத் திறந்து காட்டினார்.

கிளம்பும் வாரத்தில் எனக்குப் பதிலாக வந்த தங்கையிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். உறைபெட்டியைத் திறந்து, அந்தப் பன்னிரண்டு எலிகளின் பெட்டியைக் காட்டினேன். "அக்கா, இந்தச் சோதனைதான் முடிஞ்சுபோச்சே, இதை ஏன் இன்னும் வெச்சிருக்கோம்?" என்றாள். நோட்டில் அந்த 40 மணி நேரப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாசித்து முடிக்கும்வரை தட்டுகளை எண்ணினேன். ஒவ்வொரு மூளைக்கும் நான்கு தொகுப்புகள் மீதம். லேபிளில் இரண்டு இடத்தில் எழுத்து மங்கியிருந்தது. மார்க்கரை எடுத்து இருவரும் அதை மறுபடி எழுதினோம், அன்றைய தேதியோடு.